வாத்தை விற்க முடியாது, ஊதலை விற்கலாம்: ‘டக் டைனஸ்டி’ – ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் உரிமம் எடுத்தவர் காட்டு வாத்தைச் சுடலாம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். காசுக்கு விற்க மட்டும் முடியாது. 19ஆம் நூற்றாண்டில் சந்தைக்கென்றே மூட்டை மூட்டையாகப் பறவைகளைச் சுட்டுத் தள்ளியதன் பலனைப் பார்த்த பிறகு, 1918இல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்தது; அத்தோடு காட்டு வாத்து விற்பனை முடிந்தது. அதனால் ‘வேட்டைத் தொழில் நடத்தும் குடும்பம்’ என்று அங்கே சொன்னால், கடையில் தொங்குவது பறவை என்று நினைக்கக் கூடாது. வேட்டைக்குப் போகிறவருக்கு வேண்டியதை விற்கிறார்கள்: வாத்தைக் கூப்பிடும் ஊதல், மிதக்கும் பொம்மை வாத்து, மறைப்பு உடுப்பு, வழிகாட்டும் சேவை, வேட்டைக் காணொளி.

லூசியானா மாநிலத்தின் வடபகுதியில், வெஸ்ட் மன்ரோ என்ற சிற்றூரைச் சேர்ந்த ராபர்ட்சன் குடும்பத்தின் கதை இதற்குச் சரியான உதாரணம். அவர்களுடைய நிறுவனம் ‘டக் கமாண்டர்’. அவர்களை வைத்து ஏ அண்ட் ஈ தொலைக்காட்சி எடுத்த ரியாலிட்டித் தொடர் ‘டக் டைனஸ்டி’. 2012 மார்ச் 21இல் தொடங்கி 2017 மார்ச் 29இல் முடிந்தது. ஐந்தே ஆண்டில் 11 பருவங்கள் (சீசன்கள்), 130 அத்தியாயங்களுக்குக் குறையாமல். அந்தக் குடும்பம் விற்ற சரக்கு இரண்டு முறை மாறியது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். முதலில் ஓர் ஒலியை விற்றார்கள். பிறகு வேட்டைக் காட்சியை விற்றார்கள். கடைசியில் தங்களையே விற்றார்கள். மூன்றாவது சரக்குக்குத்தான் விலை அதிகம், அதுதான் கையில் நிற்காமல் வழுக்கியது.

ஊதல்

பில் ராபர்ட்சன் 1946இல் பிறந்தவர். லூசியானா டெக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் முன்னணி வீரர். அவருக்கு அடுத்த இடத்தில் காத்திருந்தவர் டெர்ரி பிராட்ஷா. பில் ‘வாத்துப் பருவம் வந்துவிட்டது’ என்று ஆட்டத்தை விட்டுப் போக, பிராட்ஷா 1970இல் தொழில்முறைத் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டுப் பெரிய நட்சத்திரமானார். பில் முதுகலை முடித்து ஆசிரியராக இருந்தார், மதுக்கடை நடத்தினார், குடியில் விழுந்தார், எழுந்தார், ஆற்றில் மீன் பிடித்து விற்றார். இடையே 1972இல் தன் முதல் ஊதலைச் செய்து, 1973இல் நிறுவனத்தைத் தொடங்கினார். (இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972இல்தான். இங்கே கதவு சாத்தப்பட்டது, அங்கே ஒருவர் கடை திறந்தார்.)

ஊதலைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஐந்தே பாகம். வாய் வைத்து ஊதும் குழல். அதன் பின்பக்கத்தில் இறுக்கமாகச் சொருகும் செருகுத் துண்டு. அந்தத் துண்டிலேயே மேல்பக்கம் லேசாக வளைத்துச் செதுக்கிய நாதப் பலகை. பலகைமேல் படுத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ரீடு. ரீடின் அடிப்பகுதி நகராமல் அழுத்திப் பிடிக்கும் தக்கை. காற்று உள்ளே வந்ததும் ரீடின் நுனி பலகையில் தட்டித் தட்டி அதிரும். நாதஸ்வரச் சீவாளியில் இரண்டு நாக்கு ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். இங்கே நாக்கு பலகையோடு அடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கையால் செய்கிறவர்களின் வழக்கமான முறை இது. ஒன்றரை அங்குலச் சதுரத்தில் நன்றாகக் காய்ந்த மரத்துண்டு எடுப்பார்கள். பில் தொடக்கத்தில் எடுத்தது செடார் மரம். கடைசல் எந்திரத்தில் பூட்டி, நடுவில் 5/8 அங்குலத் துளை போட்டு, பிறகு வெளிப்புறத்தைக் கடைவார்கள். செருகுத் துண்டில் நாதப் பலகையை அரத்தால் தேய்ப்பதுதான் உயிர்நிலை. வளைவு கொஞ்சம் தட்டையாகிவிட்டால் ரீடு பலகையில் ஒட்டி ஊமையாகும். வளைவு கூடிவிட்டால் மூச்சு முழுக்கக் கொடுத்தாலும் சத்தம் வராது. ரீடின் தடிமன் பெரும்பாலும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து அல்லது பதினான்கு பங்கு. நுனியில் ஒரு மயிரிழை நறுக்கினால் சுருதி ஏறும். அதிகம் நறுக்கிவிட்டால் வாத்து போய்க் கீச்சென்று எலி வரும். அந்த ரீடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டக் கமாண்டரின் அடையாளம் இரட்டை ரீடு. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. ஒற்றை ரீடு ஊதலில் சத்தம் அதிகம், ஏற்ற இறக்கம் அதிகம், கற்றுக்கொள்ளும் காலமும் அதிகம். இரட்டை ரீடில் தானாகவே கரகரப்பு வரும், புதிதாக ஊதுகிறவருக்கும் பெட்டை வாத்துபோல ஒலிக்கும். பதிலுக்கு வீச்சு குறையும். இரட்டையின் பெரிய நோய் எச்சில். ஈரம் ஏறியதும் இரண்டு ரீடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பனிக்காலை ஐந்தரை மணிக்கு, தலைக்குமேல் கூட்டம் சுற்றும்போதுதான் ஒட்டும். இதற்கு மருந்து, ரீடில் சிறு குழி அமுக்கிவிடுவது. அந்தப் புடைப்பு இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடும். தொடரில் ஐஸ் டீக் கோப்பையும் கையுமாகத் திரியும் சை மாமா, பில்லின் தம்பி, வியட்நாம் போரில் இருந்தவர். நிறுவனத்தில் அவருக்கு இருந்த வேலை இந்த ரீடுகளைத் தயார்செய்வதுதான். திரையில் அது தூங்குவதற்குச் சாக்குபோலக் காட்டப்பட்டது. உண்மையில் ஊதல் நன்றாக ஒலிப்பதும் ஒலிக்காததும் அந்த மேசையில்தான் முடிவாகிறது.

பழுது வந்தால் செய்யும் வேலையும் எளிதுதான், ஆனால் வரிசை மாறக் கூடாது. பிரிப்பதற்கு முன் ரீடும் தக்கையும் எங்கே நிற்கின்றன என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காமல் பிரித்தவர் பழைய சுருதியைத் திரும்பப் பிடிக்கப் பாடுபடுவார். அழுக்குப் படிந்து ஒலி அடைத்தால் பிரிக்கவே வேண்டாம். ஒரு டாலர் நோட்டை ரீடுக்கும் பலகைக்கும் இடையே நுழைத்து இழுத்தால் போதும். புகையிலை மெல்லுகிறவர்களின் ஊதலில் இந்த வேலை வாரம் ஒருமுறை இருக்கும். தக்கை காய்ந்து சுருங்கினால் ரீடு வழுக்கும், தக்கையை மாற்ற வேண்டும். மரக்குழல் ஈரத்தில் ஊதிப்போனால் செருகுத் துண்டு வெளியே வராது. முறுக்கி இழுக்காமல் உலர விட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் முன்கண்ணாடி ஓரம் வைத்துவிட்டுப் போனால் ரீடு வளைந்துவிடும்.

ஊதுவதும் கன்னத்தை உப்பவைத்து ஊதுகிற ஊதல் இல்லை. கண்ணாடிமேல் ஆவி படிய மூச்சு விடுவதுபோல அடிவயிற்றிலிருந்து சூடான காற்றைத் தள்ளி, சட்டென்று நிறுத்த வேண்டும். ‘குவாக்’கின் முடிவைக் கத்தரிப்பதில்தான் வாத்து ஏமாறுகிறது. மல்லார்ட் இனத்தில் அந்தப் பேர்போன ‘குவாக்’ பெட்டைக்குத்தான். ஆண் வாத்தின் குரல் மெல்லிய, கம்மிய ஒலி. தூரத்தில் போகும் கூட்டத்துக்கு நீண்ட, இறங்கிக்கொண்டே வரும் ஐந்தாறு சுரம். கீழே இறங்கப் பார்க்கும் கூட்டத்துக்கு இரை தின்னும் சிறு முணுமுணுப்பு. தலைக்கு நேர்மேலே வரும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், முதுகைக் காட்டித் திரும்பும்போது மட்டும் கூப்பிட வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: அதிகம் ஊதுவது. போட்டி மேடையில் பரிசு வாங்கும் ஊதலும் சதுப்பில் வாத்தை இறக்கும் ஊதலும் வேறுவேறு. பில் பெயரெடுத்தது இரண்டாவதில். அவர் வாத்தைக் கூப்பிடவில்லை, அதற்கு உத்தரவு போடுகிறார் என்று கூட வந்த வேட்டை நண்பர் ஒருவர் சொன்னதிலிருந்து நிறுவனத்தின் பெயர் வந்தது என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை.

விற்பனையும் அந்த நாட்களில் கைவேலைதான். வண்டியில் ஊதலை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடையேறிப் போவது. வால்மார்ட்டில்கூடத் தலைமையகத்தைக் கேட்காமல் ஒவ்வொரு கிளை மேலாளராகப் பிடித்து விற்றுவந்தார், மேலே தெரியவந்ததெல்லாம் பிறகு. பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வோர் ஊதலாக ஊதிப் பார்த்துப் பெட்டியில் போடுவார்கள்.

அறுபது நாள் பருவம்

வேட்டையைப் படமெடுப்பதே இரண்டாவது சரக்கு. 1980களின் இறுதியிலிருந்து ‘டக்மென்’ என்ற பெயரில் வேட்டைக் காணொளிகளை நாடாவில் விற்றார்கள். அதன் நீட்சியாக அவுட்டோர் சேனலில், துப்பாக்கி நிறுவனமான பெனெல்லியின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி ஒரு நிகழ்ச்சி வந்தது. வேட்டை, மீன்பிடிச் சேனல்களில் பணம் பெரும்பாலும் தலைகீழாக ஓடும்: நிகழ்ச்சி எடுப்பவர்தான் நேரத்தை வாங்கி, விளம்பரதாரரைத் தேடி ஈடுகட்ட வேண்டும். பார்ப்பவர் ஏற்கெனவே வேட்டைக்காரர். புது ஆள் ஒருவரும் உள்ளே வரமாட்டார்.

பொதுச் சேனலுக்கு இதே காட்சிகளை ஏன் கொண்டுபோக முடியாது என்பதற்கு விதிப்புத்தகத்தைப் புரட்டினால் போதும். லூசியானா அடங்கிய மிசிசிப்பி வலசை வான்வழிப் பகுதியில் வாத்துப் பருவம் சுமார் 60 நாள். லூசியானாவில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிக்குள், நடுவே இடைவெளியோடு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 வாத்து. அதில் மல்லார்ட் நான்குக்கு மேல் போகக்கூடாது. அந்த மல்லார்டிலும் பெட்டை இரண்டுக்கு மேல் கூடாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன் தொடங்கலாம், அஸ்தமனத்தோடு நிறுத்த வேண்டும். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி அடைப்பு வேண்டும். ஈயக் குண்டு நாடு முழுக்க 1991இலேயே தடை, எஃகு முதலியவைதான். 16 வயது நிரம்பிய ஒவ்வொரு வேட்டைக்காரரும் கூட்டரசின் வாத்து முத்திரை (தபால்தலை போன்ற அனுமதி வில்லை) வாங்க வேண்டும். 1934இல் ஒரு டாலருக்கு வந்தது, தொடர் தொடங்கியபோது 15 டாலர், 2015 முதல் 25. அந்தப் பணம் ஏறக்குறைய முழுதும் சதுப்புநிலம் வாங்கப் போகிறது. தானியம் தூவி வாத்தை வரவழைப்பதும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றதை இறக்குவதும் 1930களிலிருந்தே குற்றம். (உயிருள்ள விலங்கைக் கட்டிவைத்து அதன் இனத்தை வரவழைக்கும் உத்திக்குச் சங்கப் பாடல்களிலேயே ‘பார்வை’ என்று பெயர் உண்டு, அமெரிக்கச் சட்டம் விட்டுவைத்தது பொம்மைப் பார்வையை மட்டும்.) பதிவுசெய்த வாத்துக் குரலை ஒலிபெருக்கியில் போடுவதும் கூடாது. ஊதல் விற்பவர் கடை நிற்பதே இந்த ஒரு விதியால்தான்.

ஒளிப்பதிவாளர் பக்கம் இன்னும் சிக்கல். வாத்துக்குக் கண்பார்வை கூர்மை. கேமரா லென்சின் பளபளப்பு, வியர்த்த முகத்தின் பளபளப்பு, மறைவிடத்தில் ஓர் அசைவு, எதுவானாலும் கூட்டம் விலகிவிடும். ராபர்ட்சன்களின் தாடியும் முகத்தில் பூசும் கறுப்பும் இதற்குத்தான் பிறந்தவை. பில்லின் மகன் வில்லியின் பழைய படங்களில் தாடி இல்லை, தொலைக்காட்சிக்குப் பிறகு தாடி ஒரு சீருடையாகிவிட்டது. பொம்மை வாத்துகளை இரண்டு மூன்று டஜன் பரப்பி, காற்றை எதிர்த்து இறங்கும்படி நடுவே வெற்று நீர் விட்டு வைப்பார்கள். அந்த இடத்துக்கு 20, 30 கெஜத்தில் வரும் சில நொடிக்குள் சூடு முடிந்துவிடும். அதற்காக மூன்று மணிநேரம் இருட்டில், முழங்கால் நீரில் குழு நிற்க வேண்டும். கிடைப்பது அரை நிமிடக் காட்சி. அதுவும் பறவை சாகும் காட்சி என்பதால் பொதுச் சேனலின் விளம்பரதாரர் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள்.

ஆண்டுக்கு இரண்டு பருவம் ஒளிபரப்ப வேண்டிய சேனல், 60 நாள் வேட்டைப் பருவத்தை நம்பி இருக்க முடியாது. அதனால் கர்னி புரொடக்ஷன்ஸ் எடுத்த தொடரில் வேட்டை ஓரத்துக்குப் போனது. கிடங்கில் வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் ஆட்கள், முதலாளியாகி மாட்டிக்கொண்ட மூன்றாம் மகன் வில்லி, அவரை மதிக்காத அண்ணன் ஜேஸ், சமையலறையில் பில்லின் மனைவி கே அம்மா, பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தவளை பிடிக்கப் போகும் தாத்தா பில் என்று தொடர் நகர்ந்தது. வேட்டைத் தொடர் என்ற பெயர்ப் பலகைக்குள் அவர்கள் நடத்தியது ஒரு கூட்டுக்குடும்ப நகைச்சுவை நாடகம். நம் தொலைக்காட்சியில் இதற்கு நெடுந்தொடர் என்று பெயர். அங்கே அழுகையை எடுத்துவிட்டுச் சதுப்புநிலத்தைச் சேர்த்தார்கள்.

இருபத்திரண்டு நிமிடம்

அரைமணி அத்தியாயத்தில் விளம்பரம் போக எஞ்சுவது ஏறக்குறைய 22 நிமிடம். அச்சு ஒன்றேதான், மாறவே இல்லை. முதன்மைக் கதை ஒன்று, பெரும்பாலும் கிடங்கில் தொடங்கும்: ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, ஆட்கள் வேறு எதிலோ இறங்கிவிடுகிறார்கள். பக்கக் கதை ஒன்று, பில்லோ கேயோ பேரப்பிள்ளைகளோடு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டி வெட்டி ஓடும். நடுநடுவே தனியாக உட்காரவைத்து எடுத்த பேட்டித் துண்டுகள். நகைச்சுவை பெரும்பகுதி அங்கேதான் வரும். கடைசியில் நீண்ட மேசை, வறுத்த சாப்பாடு, பில் சொல்லும் ஜெபம், அதன்மேல் வில்லியின் குரலில் நாலு வரி.

இந்தப் பேட்டித் துண்டின் வேலையைப் புரிந்துகொண்டால் இவ்வகைத் தொடர்களின் பாதி ரகசியம் புரிந்துவிடும். சம்பவம் நடந்த அன்றைக்கு எடுக்கப்படுவதில்லை. காட்சிகளைப் பார்த்துத் தொகுத்த பிறகு எங்கே ஓட்டை இருக்கிறதோ, அங்கே அடைக்க ஒரு வரியைப் பேட்டியில் பேசவைப்பார்கள். உடை, இருக்கை, வெளிச்சம் மாறாமல் இருந்தால் எந்தப் பேட்டியையும் எந்த இடத்திலும் ஒட்டலாம். கதைத் தயாரிப்பாளர் முன்கூட்டியே சூழலை அமைத்துக் கொடுப்பார். வசனம் எழுதித் தரமாட்டார், ஆனால் ‘இன்றைக்குத் தேனீக் கூட்டை எடுக்கப் போகிறீர்கள்’ என்பது வரை முடிவாகியிருக்கும். குடும்பம் இதை மறைத்ததில்லை. தாங்கள் எழுதிக்கொடுத்த நாடகம் நடிக்கவில்லை, வழிகாட்டப்பட்ட ரியாலிட்டியில் இருக்கிறோம் என்ற அளவில் பேசியிருக்கிறார்கள். அதைப் பொய் என்று திட்டுவது வெட்டிவேலை. கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையை நகர்த்துவதை யாரும் பொய் என்பதில்லை.

உரசல் வந்த இடம் வேறு. யாரும் கெட்ட வார்த்தை பேசாத இடத்தில் பேசியதுபோல ‘பீப்’ ஒலியைத் தொகுப்பாளர்கள் செருகியதையும், மேசை ஜெபத்தின் முடிவில் வரும் ‘இயேசுவின் நாமத்தில்’ என்ற சொற்களை வெட்டியதையும் பில் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார். ‘பீப்’ ஒரு சிரிப்புக்காகச் செருகப்பட்டது. சேனலுக்கு அது பழக்கமான சமையல் மசாலா. மதபோதகனாகத் தன்னை நினைக்கும் ஒருவருக்கு அது அவதூறு. தன் முகத்தை விற்றவருக்கு அந்த முகத்தின்மேல் கடைசி வெட்டு உரிமை இல்லை என்பது இங்கேதான் முதலில் தெரிந்தது. ஒப்பந்தத்தில் தொகுப்பு உரிமை யாரிடம் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது சம்பளத்தை அல்ல, அந்த வரியை.

பார்வையாளர் எண்ணிக்கை ஏறிய வேகம் அசாதாரணம். முதல் அத்தியாயத்துக்குச் சுமார் 18 லட்சம் பேர். மூன்றாம் பருவம் 2013 பிப்ரவரியில் தொடங்கியபோது 86 லட்சம், ஏப்ரலில் முடிந்தபோது 96 லட்சம். நான்காம் பருவத்தின் முதல் அத்தியாயம், 2013 ஆகஸ்ட் 14: ஒரு கோடியே 17 லட்சத்துக்கும் மேல். கேபிள் தொலைக்காட்சியில் புனைவல்லாத தொடர் எதுவும் அதுவரை எட்டாத எண்ணிக்கை. அந்த அத்தியாயத்தில் என்ன வேட்டை? ஒன்றுமில்லை. 1966இல் கல்யாணம் செய்துகொண்ட பில்லுக்கும் கேயுக்கும் பிள்ளைகள் சேர்ந்து மறுபடி கல்யாணம் செய்துவைத்தார்கள். மூத்த மகன் ஆலன், தாடியில்லாத பாதிரியார், அந்தக் கல்யாணத்தோடு தொடருக்குள் வந்தார். நம் ஊர் கணக்கில் சொன்னால் சஷ்டியப்தபூர்த்திக்குக் கூடிய கூட்டம் அது.

பணம் வந்த வழி

அத்தியாயத்துக்கு இரண்டு லட்சம் டாலர், குடும்பம் முழுவதற்கும் சேர்த்து என்று 2013இல் செய்திகள் வந்தன. இருபது பேர் பங்கிடும் தொகை. பெரிய பணம்தான், ஆனால் முக்கியமான பணம் அதில் இல்லை. அதே ஆண்டு அவர்கள் பெயர் தாங்கிய சரக்கு 40 கோடி டாலருக்கு விற்றதாக ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்குச் சொன்னது; ஏறக்குறைய பாதி வால்மார்ட்டில். பனியன், குல்லாய், தலையணை, தோட்டத்துப் பொம்மை, சை மாமாவின் டீக்கோப்பை. 2014இல் டெக்சஸ் கார்ப் பந்தயம் ஒன்றும் ஷ்ரிவ்போர்ட் கால்பந்து ஆட்டம் ஒன்றும் அவர்கள் நிறுவனப் பெயரில் நடந்தன. தயாரித்த கர்னி நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கை 2012 இறுதியில் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இங்கே ஒரு கணக்கு கவனிக்கத் தக்கது. பனியனில் கிடைப்பது உரிமத் தொகை. துணி வேறொருவருடையது, ஆலை வேறொருவருடையது, அலமாரி வால்மார்ட்டுடையது. தொடர் எந்த வாரம் சூடாக இருக்கிறதோ அந்த வாரம் விற்கும். ஊதலில் லாபம் சிறியது. ஆனால் மரம், கடைசல், ரீடு, பெயர் எல்லாம் அவர்களுடையது, வாங்குகிறவர் தொடரைப் பார்க்காவிட்டாலும் நவம்பரில் வருவார். இரண்டாவது கடையை முதல் கடையின் பெயர்ப் பலகையிலேயே திறந்ததால் வந்த சிக்கல்: ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்றுக்கும் புகை.

2013 டிசம்பர்

ஜிக்யூ பத்திரிகையின் 2014 ஜனவரி இதழுக்காகப் பில் கொடுத்த பேட்டி டிசம்பர் 18 வாக்கில் வெளியானது. ஓரினச் சேர்க்கையைப் பாவங்களின் பட்டியலில் வைத்துக் கொச்சையாகப் பேசியிருந்தார். தான் சிறுவனாக வயலில் வேலை செய்த காலத்தில், சிவில் உரிமைச் சட்டங்களுக்கு முந்தைய லூசியானாவில், கறுப்பினத்தவர் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள் என்ற பொருளிலும் பேசியிருந்தார். தொகுப்பாளரின் கத்தரி இல்லாத இடத்தில் பில் பேசினால் எப்படி இருக்கும் என்பதை நாடு முதன்முறையாகப் பார்த்தது. ஜெபமும் வறுத்த மீனும் மட்டும் காட்டிய இரண்டு ஆண்டுத் தொகுப்புக்கு அதில் பங்கு உண்டு. பார்வையாளர் அறிந்திருந்த தாத்தாவைச் செய்தது வெட்டு மேசைதான்.

சேனல் அவரைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. அடுத்த நாள் குடும்பம், பில் இல்லாமல் தொடரை நினைத்துப் பார்க்க முடியவில்லை என்று அறிக்கை விட்டது. கிராக்கர் பேரல் உணவகக் குழுமம் சில சரக்குகளை அலமாரியிலிருந்து எடுத்தது. வாடிக்கையாளர்கள் சத்தம்போட, இரண்டு நாளில் திரும்ப வைத்து மன்னிப்புக் கேட்டது. பஞ்சாபி வம்சாவளியான லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால் பில்லுக்காகப் பேசினார். டிசம்பர் 27இல் சேனல் பின்வாங்கியது. ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் படப்பிடிப்பே இல்லை. ஐந்தாம் பருவத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே எடுத்து முடிந்திருந்தது. அதாவது தண்டனை ஒரு காட்சியைக்கூடத் தொடவில்லை. சேனலின் கையில் வேறு வழியும் இல்லை. பில்லை எடுத்தால் குடும்பம் போகும். குடும்பம் போனால் கடைசி மேசை போகும். மேசை இல்லாமல் அந்த அச்சில் அத்தியாயம் முடியாது. ஒருவர் விலகினாலும் ஓடும்படி பாத்திரங்களை அடுக்கியிருந்தால் சேனலுக்குப் பேரம் பேச இடம் இருந்திருக்கும். குடும்பத் தொடரில் அந்த அடுக்கு சாத்தியமில்லை. நான்கு மகன்களில் ஒருவரும் அப்பாவை விட்டுக்கொடுத்து நிற்கப் போவதில்லை.

நிலைமை உடனே சரியவில்லை. 2014 ஜனவரி 15இல் ஐந்தாம் பருவம் தொடங்கியபோது ஏறக்குறைய 85 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூனில் ஆறாம் பருவத் தொடக்கத்துக்கு 46 லட்சம். சரிவைப் பேட்டியின் தலையில் மட்டும் கட்டுவது சோம்பேறித்தனம். ஆண்டுக்கு இரண்டு பருவம், கடைக்குக் கடை அந்தத் தாடிகள், அச்சு மாறாத 22 நிமிடம். தேனீயும் தவளையும் எத்தனை முறை? வில்லி கோபித்துக்கொள்வதும் ஜேஸ் நழுவுவதும் ஐம்பதாவது தடவை வரும்போது அடுத்த காட்சி என்ன என்று பார்ப்பவரே சொல்லிவிடுவார். 2015இல் லாஸ் வேகஸில் குடும்பக் கதையை இசை நாடகமாக்கி மேடையேற்றினார்கள். சில வாரங்களில் மூடிவிட்டார்கள். இளைய மகன் ஜெப் தம்பதியை வைத்து ஒரு கிளைத் தொடர், சை மாமாவை வைத்து இன்னொன்று; இரண்டும் தாய்த்தொடரின் உயரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கார்ப் பந்தயத்தின் பெயர் 2016உடன் போனது. 2017 மார்ச்சில் தொடரும் முடிந்தது.

ஊதல் விற்பனை நிற்கவில்லை. தொடருக்கு முன் ஏறக்குறைய நாற்பது ஆண்டு நடந்த கடை, தொடருக்குப் பிறகும் நடக்கிறது. வெஸ்ட் மன்ரோக் கிடங்கைச் சுற்றுலாக்காரர்கள் வந்து பார்த்துப்போகும் இடமாக மாற்றிக்கொண்டார்கள்.

எட்டு ஆண்டு கழித்து, 2025 ஜூன் 1இல் அதே சேனல் தொடரை மறுபடி கொண்டுவந்தது. இம்முறை நடுநாயகம் வில்லியும் மனைவி கோரியும், அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகளும் பேரக் குழந்தைகளும். பில்லுக்கு அல்சைமர் நோய் என்று குடும்பம் 2024 டிசம்பரில் அறிவித்திருந்தது. புதிய தொடருக்குச் சரியாக ஒரு வாரம் இருக்க, மே 25இல் 79 வயதில் இறந்துபோனார். பழைய தொடரில் அப்பாவின் மேசையில் உட்கார்ந்து கடைசி நாலு வரியை மட்டும் சொல்லிவந்த வில்லி, இப்போது மேசையின் தலைமாட்டில் தாத்தாவாக உட்கார்ந்திருக்கிறார்.